நினைவுப் பொருள்களிலிருந்து வண்டி செய்பவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் உருமாற்றம் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களைக் காவல் துறையினர் பறிமுதல் செய்து வருவது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான செய்தியையும், அதையொட்டி வந்த கட்டுரையையும் படித்தேன். மருத்துவமனை வாசல் என்றும் பாராமல், நள்ளிரவு என்றும் பாராமல், சைலன்சரின் உள்குழாயைக் கழற்றிவிட்டு வெடிச்சத்தத்துடன் போகிறவர்கள்மீது எடுக்கப்படும் நடவடிக்கையை முழு மனத்துடன் வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரை, வண்டிகளை மாற்றியமைத்துத் தரும் பட்டறைகள் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்த்து, அங்கே சுவரில் தொங்கும் பழைய பாகங்களை வெறும் காயலான் கடைச் சரக்காகவும் ஐயத்திற்குரிய பொருளாகவும் எழுதியிருந்தது. அந்தப் பொருள்கள் என்ன, அவை ஏன் அங்கே இருக்கின்றன, ஒரு நல்ல பட்டறைக்காரரின் கையில் அவற்றிலிருந்து என்ன பிறக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்த நீண்ட கடிதத்தை எழுதுகிறேன்.

நான் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என்னிடம் அரம் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகளில் பலர் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளுக்கும், பொன்மலை ரயில்வே பணிமனைக்கும், ஓசூர் ஆலைகளுக்கும் போனார்கள். சிலர் சொந்தமாகப் பட்டறை வைத்தார்கள். அவர்களில் ஒருவர் நகரின் தென்பகுதியில், பழைய மோட்டார் சைக்கிள்களை உரிமையாளரின் விருப்பத்திற்கேற்ப மறுபடி கட்டித் தரும் பட்டறை ஒன்றை நடத்துகிறார். தம் பெயர் வெளியில் வர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. மாலை நேரங்களில் அங்கே போய் உட்காருவது என் வழக்கம் என்பதால், நான் எழுதுவது எல்லாம் கண்ணால் பார்த்தவை.

அந்தப் பட்டறைக்குள் நுழைந்தால் லேத் எந்திரத்திற்குப் பின்னாலுள்ள நீளச் சுவரில்தான் யாருடைய பார்வையும் முதலில் போகும். கிக்கர் லீவர்கள், முள் அசையாத மீட்டர்கள், டேங்கில் ஒட்டும் பித்தளைச் சின்னங்கள், தேய்ந்த சாவிக்கொத்துகள், கைப்பிடி ரப்பர்கள், ஒரு பக்கம் உருகிய பிஸ்டன்கள் என்று ஆணிக்கு ஒன்றாக மாட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் சிறு தகரத் துண்டு கட்டி, எழுத்து பொறிக்கும் ‘பஞ்ச்’ கருவியால் ஊர்ப் பெயரும் ஆண்டும் தட்டியிருப்பார்கள். இவற்றில் எதுவும் விற்பனைக்கு அல்ல. மறுபடி கட்டியபோது இனி வண்டியில் பொருத்த முடியாது என்று ஒதுக்கப்பட்டவை சில. குடும்பத்தார் தாங்களாகவே விட்டுச் சென்றவை பல. விட்டுச் செல்பவர்கள் அதை ஒரு பொறுப்பாக ஒப்படைக்கிறார்கள் என்பதை அவர்களின் முகத்தைப் பார்த்தாலே அறியலாம்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு புல்லட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். படையில் பணியாற்றி ஊர் திரும்பிய ஒருவர் ஆயுள் முழுக்க ஓட்டிய வண்டி அது. அவர் காலமான பிறகு பேத்தி ஓட்டுவதற்காகக் குடும்பத்தார் கொண்டுவந்தார்கள். 1950-களில் இந்தியப் படைக்காக வாங்கப்பட்டு, பிறகு சென்னையிலேயே தயாரிக்கப்பட்ட 350 சி.சி. புல்லட்டின் பழைய அமைப்பில் கியர் வலக்காலிலும் பின்பிரேக் இடக்காலிலும் இருக்கும். அதைக் கிளப்புவதற்கு ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பி, எஞ்சினுக்குள் உள்ள அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் பிடியை அழுத்திக்கொண்டு கிக்கரை மெல்ல நகர்த்தி, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்பியர் மீட்டரின் முள் நடுவில் வந்து நின்றதும் பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழுதாக ஓர் உதை. அந்த முள்ளைப் பார்க்காமல் பாட்டனார் ஒருநாளும் வண்டியை உதைத்ததில்லை என்று பேத்தி சொன்னார். பழைய மீட்டர் பழுதுபார்க்க முடியாத நிலையில் இருந்தது. பட்டறைக்காரர் அதே அளவில் வேறொரு மீட்டரைத் தேடிப் பிடித்து, அதே இடத்தில் வைத்தார். பழையது சுவருக்குப் போனது. சுயமாகக் கிளம்பும் வசதியை வைத்துத் தரட்டுமா என்ற பேச்சே எழவில்லை. முள்ளைப் பார்த்து உதைப்பதில்தான் பாட்டனார் இருக்கிறார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

நிறம் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில்தான் எனக்குப் பட்டறைக்காரருடைய உண்மையான திறமை புரிந்தது. படைவீரரின் வண்டி என்பதால் குடும்பத்தார் ராணுவப் பச்சை கேட்டார்கள். அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறையின் வாகனங்களைத் தவிர வேறு எதற்கும் பூசக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அதைச் சொல்லி மறுத்துவிட்ட அவர், பாட்டனார் பணியிலிருந்து கொண்டுவந்த பொருள் வேறு ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். பரணிலிருந்து ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி வந்தது. மூடியில் பெயரும் படை எண்ணும் வெள்ளை எழுத்தில், தகட்டு அச்சை வைத்துப் பூசியபடியே இருந்தன. அந்தப் பெட்டியின் கறுப்பே டேங்கின் நிறமானது. அதே வெள்ளை எழுத்தில், அதே அளவில், பெயர் மட்டும் டேங்கின் மேற்புறம், ஓட்டுபவரின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி வந்தது. பெட்டியின் பித்தளைப் பூட்டு சுவரில் தொங்குகிறது. நிறம் மாறியதைப் பதிவுச் சான்றிலும் முறையாகக் குறிக்கச் செய்தார்கள். புத்தகத்தில் பார்த்தோ கைப்பேசியில் பார்த்தோ ஒருவருக்கு இந்த யோசனை வந்திருக்காது. அது அந்தப் பெட்டியிலிருந்து மட்டுமே வரக்கூடியது.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தச் சுவரில் இருப்பவை அழகுக்காக மாட்டியவை அல்ல, பழசின்மீதுள்ள ஏக்கத்தால் மட்டும் சேர்த்தவையும் அல்ல. அடுத்த வண்டியின் வடிவம் அங்கேயிருந்துதான் வருகிறது.

வாடிப்பட்டியில் பால் ஊற்றியவர் ஒருவரின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிள், மகனால் கொண்டுவரப்பட்டது. வண்டியின் இருபுறமும் பால் கேன் மாட்டிய கொக்கிகள், கனம் தாங்கித் தாங்கி ஒரே பக்கமாக வளைந்திருந்தன. மகனுக்குக் கொக்கிகள் தேவையில்லை. அவர் சென்னையில் கணினி வேலையில் இருக்கிறார். கொக்கிகள் சுவருக்கு வந்தன. ஆனால் ஓட்டை விழுந்து வீட்டு மூலையில் கிடந்த அலுமினியப் பால் கேனின் அடிப்பாகத்தை வெட்டி, தட்டிச் சமன்செய்து, வண்டியின் கருவிப்பெட்டிக்கு மூடியாக்கினார் பட்டறைக்காரர். வாசலில் காத்திருந்த ஒருவர், பளபளப்பாகத் தேய்த்து விடலாமே என்றார். பாட்டிலைப் போல மின்னினால் அது கடையில் வாங்கியதாகிவிடும், கேனில் விழுந்த கீறல் அப்படியே இருக்கட்டும் என்று மகன் மறுத்துவிட்டார்.

மற்றொரு வண்டி, 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரிக்கப்பட்டு, இன்றும் எங்கள் பகுதி இளைஞர்கள் பேர் சொல்லிக் கொண்டாடும் யமஹா ஆர்.எக்ஸ். 100. கணவரின் பின்னால் அதில் உட்கார்ந்து நெடுங்காலம் பயணம் செய்த ஓர் அம்மையார் மறைந்தபின், மகள் அதைக் கட்டித் தரும்படி கேட்டு வந்தார். இப்போது ‘கஃபே ரேசர்’ என்ற பெயரில், பழைய பந்தய வண்டியின் சாயலில் வண்டி மாற்றுகிறவர்கள் முதலில் பிடுங்கி எறிவது பின்சக்கரத்தை மறைக்கும் சேலைத் தடுப்பைத்தான். பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி, பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது சட்ட விதி. அந்த விதி இல்லையென்றாலும், நம் ஊரில் சேலை சக்கரத்தில் சிக்கி விழுந்தவர்கள் எத்தனை குடும்பங்களில் இருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். அந்தத் தடுப்பு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. புதிதாக ஒன்று செய்ய வேண்டும். அம்மையாரின் கோல நோட்டு ஒன்று மகளிடம் இருந்தது. மார்கழிக்கு மார்கழி புள்ளி வைத்து எழுதிய அந்த நோட்டிலிருந்து ஒரு சிக்குக் கோலத்தை எடுத்து, அதன் கோட்டைத் தகட்டில் வரைந்து, இடைவெளிகளை அரத்தாலும் சிறு வாளாலும் வெட்டிச் சேலைத் தடுப்பாகச் செய்து பொருத்தினார்கள். ஒரு முந்தானையின் நுனிகூட நுழையாத அளவுக்குத்தான் இடைவெளி. துருப்பிடித்த பழைய தடுப்பு சுவரில், கோல நோட்டின் ஒரு பக்கத்து நகல் அதன் கீழே. ஒரு தொழில் ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தகட்டு வேலையை எந்தத் தேர்விலும் நான் முழு மதிப்பெண் தந்து ஏற்பேன்.

உருகிய பிஸ்டன்களுக்கு வேறு வேலை. பட்டறையில் கற்றுக்கொள்ளும் பையன்களுக்கு அவைதான் பாடப்புத்தகம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலுடன் சேர்ந்து போகும் எண்ணெய்தான் பிஸ்டனைக் காக்கிறது. மைசூரில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஆலையிலிருந்து வந்த ஜாவா, எஸ்டி வண்டிகளில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்ற வேண்டும். கலக்க மறந்தாலோ குறைத்தாலோ புகைபோக்கித் துவாரத்தின் பக்கம் பிஸ்டன் உரசி, அலுமினியம் இழுபட்டுப் போகும். எந்தப் பக்கத்தில் கீறல், எவ்வளவு ஆழம், தலைப்பகுதியில் என்ன நிறம் என்று பார்த்தால் அந்த வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும். வாத்தியாராக நான் கரும்பலகையில் வரைந்து காட்டியதை, அந்தப் பையன்கள் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக் கற்கிறார்கள். இந்த இடத்தில் என் பொறாமையை நான் மறைக்க விரும்பவில்லை.

எல்லா நினைவும் வைத்துக்கொள்ளத் தக்கதல்ல என்பதையும் அங்கேதான் கண்டேன். விபத்தில் மகனை இழந்த ஒரு தந்தை வண்டியைக் கொண்டுவந்தபோது, டேங்கில் விழுந்த பள்ளத்தை எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். தாயோ, அந்தப் பள்ளம் தம் கண்ணிலேயே படக் கூடாது என்றார். பட்டறைக்காரர் வேலையைத் தொடங்காமல், இருவரும் ஒரே சொல்லைச் சொல்லும்வரை வண்டியைப் படுதா போட்டு மூடி வைத்திருந்தார். கடைசியில் டேங்க் வேறாக மாற்றப்பட்டது. பழைய டேங்கைக் குடும்பத்தாரே எடுத்துச் சென்றார்கள். அது சுவருக்கு வரவில்லை. அதை வாங்கி மாட்ட அவருக்கு மனம் ஒப்பவில்லை, அதுவே சரி என்று நானும் கருதுகிறேன். பிறர் துயரத்தைக் காட்சிப்பொருளாக்குவது வேறு, பிறர் உழைப்பை நினைவில் வைப்பது வேறு.

இப்படிப்பட்ட சுவர் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரில் வாழ்ந்த பர்ட் மன்றோ என்பவர், 1920-இல் வாங்கிய ஒரு ‘இந்தியன் ஸ்கவுட்’ மோட்டார் சைக்கிளைத் தம் கொட்டகையிலேயே ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்து, 1967-இல், தம் 68-ஆம் வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் ஓட்டி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் மணிக்குச் சுமார் 184 மைல், அதாவது ஏறத்தாழ 296 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். பிஸ்டன்களைக்கூட அவரே வார்த்தார். அந்த முயற்சிகளில் உடைந்தும் வெடித்தும் போன பாகங்களை ஒரு பரண்தட்டில் அடுக்கி, ‘வேகத்தின் கடவுளுக்குக் காணிக்கை’ என்று அதில் எழுதி வைத்திருந்தார். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமிக்கு அரிவாள் நேர்ந்து விடும் நமக்கு அந்தத் தட்டின் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் தமிழ் நிலத்திலேயே அதற்கு முன்பான எடுத்துக்காட்டும் உண்டு. கோவை மாவட்டம் கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனம் பறிகொடுத்து, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் ஓட்டியதோடு நிற்காமல், முற்றாகக் கழற்றி மறுபடி பூட்டினார். பின்னாளில் அவர் செய்த எத்தனையோ கருவிகளுக்கும் நடத்திய பேருந்துகளுக்கும் அந்த ஒரு வண்டிதான் தொடக்கம். மதுரையும் இதில் பின்தங்கியதல்ல. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனம் வேரூன்றியது இந்த ஊரில்தான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கி வண்டியை ஓட்டும் கருவியை அந்த நிறுவனம் செய்து தந்ததை, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருப்பதை வைத்து ஓடவைப்பது இந்த ஊருக்குப் பழகிய வேலை.

இன்று பட்டறைக்கு வரும் இளைஞர்களில் பலர் கைப்பேசியில் ஒரு வெளிநாட்டு வண்டியின் படத்தைக் காட்டி, இதேபோல் வேண்டும் என்கிறார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அழகானதைக் கண்டு ஆசைப்படுவது இளமையின் இயல்பு. ஆனால் அந்தப் படத்திலுள்ள வண்டியும் ஏதோ ஓர் ஊரின் வாழ்க்கையிலிருந்து வந்ததுதான் என்பதை அவர்கள் அறிய வேண்டும். போர் முடிந்து திரும்பிய அமெரிக்க இளைஞர்கள், கனமான வண்டிகளின் மட்கார்டை வெட்டி இலகுவாக்கியது அவர்களுடைய நீண்ட சாலைகளுக்காக. லண்டன் வடக்கு வட்டச்சாலையில் ஏஸ் கஃபே வாசலில் கூடிய இளைஞர்கள், நார்ட்டன் வண்டியின் சேசிஸில், அதாவது சட்டகத்தில், டிரையம்ப் வண்டியின் எஞ்சினைப் பொருத்தியது அவர்களுக்குக் கிடைத்த பாகங்களில் சிறந்தவற்றைச் சேர்ப்பதற்காக. மேலூர் சாலையிலும் பெரியகுளம் சாலையிலும் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போகும் ஒருவருக்கு அந்த வடிவங்கள் அப்படியே பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் என்ன? முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை நீட்டிச் சாய்த்தால் படத்தில் கம்பீரமாகத்தான் இருக்கும். நெரிசலில் மெதுவாகத் திருப்பும்போது கைப்பிடி தன்னால் விழப் பார்க்கும். சேசிஸின் கழுத்தை வெட்டி ஒட்ட வைக்கும் வெல்டிங் ஒரு பள்ளத்தில் விட்டுப்போனால் உயிர் போகும். அந்த வேலையை என் மாணவர் எவ்வளவு பணம் தந்தாலும் செய்வதில்லை.

படம் கொண்டுவருபவரிடம் அவர் கேட்பது வேறு. இந்த வண்டியை இதற்குமுன் யார் ஓட்டினார்கள், எங்கே போனார்கள், என்ன ஏற்றினார்கள் என்று கேட்பார். பதில் இல்லாதவர்களும் உண்டு; பழைய வண்டிச் சந்தையில் வாங்கியவர்களுக்கு எதைச் சொல்லத் தெரியும்? அவர்களைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, பிடித்ததைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். அப்படித்தான் சிவகங்கைப் பக்கத்து இளைஞர் ஒருவர், அங்கே தொங்கிய மண்குதிரையின் உடைந்த கழுத்துத் துண்டைத் தொட்டார். புரவியெடுப்பில் அய்யனாருக்கு வைத்த குதிரை, மழையில் சிதைந்து சரிந்தபின், அதைச் செய்த வேளார் குடும்பமே கொடுத்த துண்டு அது. குதிரையின் கழுத்தில் மண்ணால் ஒட்டியிருந்த மணிச்சரத்தின் வளைவை அப்படியே டேங்கின் இருபுறமும் கோடாக எழுதினார்கள். திருவொற்றியூர் ஆலையில் புல்லட் டேங்கின் பொன்கோட்டைத் தூரிகையால் கையாலேயே இழுப்பார்கள் என்பதை வண்டிப் பிரியர்கள் அறிவார்கள். இங்கும் ஸ்டிக்கர் ஒட்டாமல் தூரிகைதான். முதல் கோடு நேராக வராமல் துடைத்து, மறுபடி எழுதினார்கள். அந்த இளைஞரின் ஊர் எல்லையிலும் அதே குதிரைகள் நிற்கின்றன. அதுவரை அவற்றைத் தன் வண்டியோடு சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை என்றார்.

இனிச் சட்டத்தைப் பற்றி. தங்கள் கட்டுரை இதைத் தொட்டதால் நானும் தொட வேண்டியிருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம் கொண்டுவந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தின் நோக்கம் பாதுகாப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் சொன்ன பட்டறையில் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பென்சில் அச்சு எடுத்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே ஒரு நட்டைக்கூடக் கழற்றுவார்கள். பதிவுச் சான்று இல்லாத வண்டிக்கு வாசலிலேயே மறுப்பு.

ஆனால் சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, சேசிஸ், உடல், எஞ்சின் எதிலும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ வரிசையில் பதிவு, 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டு செல்லுபடி. கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. வசதியுள்ளவர்கள் பழைய வண்டியைக் காப்பாற்ற அது வழி. பால்காரரின் ராஜ்தூத்துக்கும், கோலத் தடுப்பு வைத்த ஆர்.எக்ஸ். 100-க்கும் அது வழியல்ல. அவை அன்றாடம் ஓட வேண்டிய வண்டிகள். பதினைந்து ஆண்டு முடிந்த இருசக்கர வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது. கட்டணத்தைப் பார்த்து, அலைச்சலைப் பார்த்து, பல குடும்பங்கள் வண்டியைக் கிலோக் கணக்கில் காயலான் கடையில் போட்டுவிடுகின்றன. ஒரு மனிதர் முப்பது ஆண்டு உட்கார்ந்து தேய்த்த சீட்டுக்கு அங்கே விலையே இல்லை. இரும்பில்லை என்று பிய்த்து எறிந்துவிடுவார்கள். இதைக் காணும்போது எனக்கு ஆறுவதில்லை.

அப்படிப் போட முடிவு செய்தவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பதிவை முறைப்படி நீக்கிக்கொள்ளுங்கள், பிறகு ஒரு பாகத்தையாவது கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி ரப்பர் போதும், சாவி போதும். வீட்டில் இடமில்லை என்றால், இதைப் போன்ற பட்டறை ஒன்றில் ஊர்ப் பெயரோடும் ஓட்டியவரின் தொழிலோடும் சேர்த்துக் கொடுங்கள். ஓட்டியவரின் கதை இல்லாமல் வெறும் பாகத்தை மட்டும் கொடுத்தால், பட்டறைக்காரருக்கு அதனால் பாதிப் பயன்தான். மறுபடி கட்டிக்கொள்ள நினைப்பவர்கள், கைப்பேசிப் படத்தோடு வீட்டுப் பரணிலிருந்தும் ஏதாவது எடுத்துச் செல்லுங்கள்.

தங்களிடம் கேட்பது இரண்டு. ஆயுத பூசைக்கு முந்தைய நாளில் அந்தச் சுவர் முழுவதும் இறக்கித் துடைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் யாருடையது என்று மூத்தவர்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டே சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். தங்கள் செய்தியாளரையும் புகைப்படக்காரரையும் அன்று இப்படிப்பட்ட பட்டறைகளுக்கு அனுப்பி, அந்தப் பேச்சைப் பதிவு செய்து ஒரு முழுப் பக்கம் வெளியிட வேண்டும். காந்தியடிகளின் குருதி படிந்த ஆடையைக் காத்து வைத்திருக்கும் அருங்காட்சியகம் நம் ஊரில் இருக்கிறது. ஒரு பொருள் எத்தனை சொல்லும் என்பதை மதுரை மக்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஆனால் உழைப்பாளிகளின் வண்டிகளுக்கும் கருவிகளுக்கும் இங்கே ஓர் அறைகூட இல்லை. தங்கள் பக்கம் அந்தப் பேச்சைத் தொடங்கி வைக்கலாம்.

மற்றொன்று, மதுரையின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாகக் கொண்டுசெல்ல வேண்டிய கோரிக்கை. எந்த மாற்றத்திற்கு அனுமதியே தேவையில்லை, எதற்கு முன்அனுமதி வேண்டும், எதைச் செய்யவே கூடாது, நிறமாற்றத்தைச் சான்றில் ஏற்ற எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம் என்பதையெல்லாம் எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, அலுவலகச் சுவரிலும் பட்டறைகளிலும் ஒட்டச் செய்ய வேண்டும். பட்டறைக்காரர்களை ஒருமுறை அழைத்து நேரில் விளக்கினால் இன்னும் நல்லது. அந்தக் கூட்டத்தில் தொழில்நுட்பத்தை எடுத்துச் சொல்ல என்னைப் போன்ற ஓய்வு பெற்ற பயிற்றுநர்கள் ஊதியம் எதுவும் இல்லாமல் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
திருநகர், மதுரை.